பதில் கிடைத்த திருப்தி போதுமா?

தெமட்டகொடையில் எங்கள் ஒழுங்கையில், எனது வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் வசிக்கும் அக்கா ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் எனக்கு இரத்த உறவினர் அல்லர். 1995ஆம் ஆண்டு வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பின்னர் கொழும்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். வயது 68. பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக நீரிழிவு நோய் உண்டு. மாதத்துக்கு ஒரு முறை அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்கு விடியற்காலையிலேயே புறப்பட்டுச் சென்று, வரிசையில் நின்று இலக்கம் எடுத்து, நண்பகல் தாண்டி மருந்துப் பையுடன் திரும்புவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒருநாள் மாலை அவர் தமது இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அன்று ஞாயிறு பக்கங்களுக்கான வேலையில் மூழ்கியிருந்தேன். ஆறுதலாக இருந்து விளக்க நேரம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், விளக்குவதற்கான அறிவும் இருக்கவில்லை. அவருடைய கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றைப் பதிவிறக்கி, அறிக்கையைப் படம் பிடித்து அதனிடம் தமிழில் கேள்வி கேட்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். கடந்த மூன்று மாதங்களில் இரத்தத்தில் சீனியின் அளவு சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும் பரிசோதனை அது என்று அந்தச் செயலி அவருக்கு நல்ல தமிழில் விளக்கியது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அதுவும் சலிக்காமல் சொன்னது. அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன.

"பன்னிரண்டு வருசமாக் கிளினிக்குக்குப் போறன் தம்பி. இண்டைக்குத்தான் இது என்னெண்டு எனக்கு விளங்கினது" என்றார்.

அந்த வசனத்தை நான் நண்பர்கள் பலரிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். தொழில்நுட்பம் சாதாரண மனிதருக்குப் பயன்படுவதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா என்று வாதிட்டும் இருக்கிறேன்.

கடந்த வருடம் மழை நாள் ஒன்றின் அதிகாலையில் அக்காவை 1990 அம்புலன்ஸ் வண்டியில் ஏற்ற வேண்டி வந்தது. மாரடைப்பு. வார்ட்டுக்கு வெளியே வாங்கில் அமர்ந்திருந்தபோது, கனடாவிலிருந்து மகள் அழைப்பாள் என்பதற்காக அவருடைய தொலைபேசி என் கையில் இருந்தது. முந்திய நாள் இரவு அவர் செயலியோடு நடத்திய உரையாடல் திரையில் அப்படியே திறந்திருந்தது. இரவு சாப்பிட்ட பின்னர் நெஞ்சுக்குள் பாரமாக இருக்கிறது, சரியான களைப்பாக இருக்கிறது, வாய்வாக இருக்குமோ என்று அவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை தனக்குப் புரிகிறது என்று செயலி பதிலைத் தொடங்கியிருந்தது. பின்னர் வாய்வுக்கும் நெஞ்செரிவுக்கும் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எட்டு இலக்கங்களிட்டுத் தந்திருந்தது. இஞ்சி அவித்த வெந்நீர் இருந்தது. தலையணையை உயர்த்திப் படுப்பது இருந்தது. ஒன்பதாவது இலக்கத்தில், வலி கடுமையாகி கைக்குப் பரவினால் மருத்துவரை நாடவும் என்று இருந்தது. அக்கா நன்றி சொல்லியிருந்தார். நன்றாக ஓய்வெடுங்கள் என்று அது வாழ்த்தியிருந்தது.

அவருக்கு வலி கடுமையாகவில்லை. கைக்கும் பரவவில்லை. நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் மாரடைப்பு இப்படி வலியில்லாமல், மூச்சு வாங்குதலாகவும் சோர்வாகவும் மட்டும் வெளிப்படுவது உண்டு என்பதை வைத்தியர் பின்னர் எனக்குச் சொன்னார். அக்கா இஞ்சி வெந்நீர் குடித்துவிட்டு, தலையணையை உயர்த்திப் படுத்து, விடியும் வரை காத்திருந்திருக்கிறார். ஏறக்குறைய எட்டு மணித்தியாலங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு மணித்தியாலமும் இருதயத் தசையின் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடும். உயிர் தப்பினார். ஆனால் பேஸ்லைன் வீதி பஸ் தரிப்பிடத்துக்கு நடப்பதற்கிடையில் இப்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

வீடு திரும்பிய பின்னர் நான் அந்தச் செயலியைக் கடிந்து பேசியபோது அக்கா சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அதைக் குறை சொல்லாதையுங்கோ தம்பி. என்னோட அவ்வளவு ஆறுதலாக் கதைச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

அவர் இன்னமும் திருப்தியோடு இருக்கிறார். அந்தத் திருப்தியை நாம் எப்படி விளங்கிக்கொள்வது?

இந்தத் திருப்தி எங்கள் ஒழுங்கையோடு நின்றுவிடும் ஒன்றல்ல. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் உள்மருத்துவச் சஞ்சிகையில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். பொதுமக்கள் இணையத்தில் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளை எடுத்து, அவற்றுக்கு வைத்தியர்கள் எழுதியிருந்த பதில்களையும் சட்ஜிபிடி எழுதிய பதில்களையும் பக்கம் பக்கமாக வைத்து, எது யாருடையது என்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். 78.6 சதவீதமான மதிப்பீடுகள் இயந்திரத்தின் பதிலையே சிறந்ததாகத் தெரிவு செய்தன. பரிவு மிக்கவை என்று மதிப்பிடப்பட்டவை இயந்திரத்தின் பதில்களில் 45.1 சதவீதம், வைத்தியர்களின் பதில்களில் 4.6 சதவீதம் மாத்திரமே.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதைத் தலைப்புச் செய்தியாக்கின. நானும் ஆக்கினேன். வைத்தியரை இயந்திரம் வென்றது என்ற பொருள்படத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியவன் நான்தான். ஆனால் கட்டுரையைப் பின்னர் முழுமையாகப் படித்தபோது சில விடயங்கள் கண்ணில் பட்டன. வைத்தியர்களின் பதில்கள் சராசரியாக 52 சொற்கள்; இயந்திரத்தின் பதில்கள் 211 சொற்கள். அந்த வைத்தியர்கள் ஊதியமின்றி, முன்பின் அறியாதவர்களுக்கு, கிடைத்த நேரத்தில் எழுதியவர்கள். மதிப்பிட்டவர்கள் நோயாளர்களும் அல்லர். அந்தப் பதிலைப் படித்து நடந்த நோயாளருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று அந்த ஆய்வு பார்க்கவும் இல்லை. பார்க்கப் போவதாக அது சொல்லவும் இல்லை. ஆய்வு நேர்மையானது. பிழை எனது தலைப்பில் இருந்தது.

பதிலைப் படித்தவர் சரியான முடிவை எடுத்தாரா என்று பார்த்த ஆய்வும் உண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் 1,298 பேரைக் கொண்டு நடத்தி 2025இல் வெளியிட்டது அது. பத்து நோய் நிலைமைகளை விவரித்துக் கொடுத்து, இது என்ன நோயாக இருக்கலாம், எங்கே செல்ல வேண்டும் என்று கேட்டார்கள். இயந்திரங்களிடம் நேரடியாகக் கேட்டபோது அவை நோயை 94.9 சதவீதம் சரியாக இனங்கண்டன. அதே இயந்திரங்களைச் சாதாரண மக்கள் பயன்படுத்தியபோது சரியான நோயை இனங்கண்டவர்கள் 34.5 சதவீதத்துக்கும் குறைவு. இயந்திரத்தின் உதவியின்றித் தமக்குத் தெரிந்த வழியில் தேடியவர்களைவிட அவர்கள் எவ்விதத்திலும் மேம்பட்டிருக்கவில்லை. அறிவு இயந்திரத்துக்குள் இருந்தது. அது மனிதருக்கு வந்து சேரவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று மனிதருக்குத் தெரியவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று இயந்திரம் முயன்று பார்க்கவில்லை.

அக்காவின் விடயத்தில் நடந்ததும் இதுவே. தமக்கு நீரிழிவு இருப்பதை அவர் அன்றிரவு எழுதவில்லை. நெஞ்சுப் பாரத்துக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? எந்தப் பயிற்சி வைத்தியரும் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் மூன்று: சீனி வருத்தம் இருக்கிறதா, வியர்த்ததா, மூச்சு முட்டுகிறதா. செயலி ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வாய்வாக இருக்குமோ என்று அவர் கேட்டார். வாய்வைப் பற்றி அது பதில் சொன்னது.

2025ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான நோயாளர் ஒருவரின் கதை இதற்கு இன்னொரு சாட்சி. 60 வயதான ஒருவர் சாப்பாட்டு உப்பைக் கைவிட விரும்பி, அதற்குப் பதிலாக எதைப் பாவிக்கலாம் என்று சட்ஜிபிடியிடம் ஆலோசித்த பின்னர், சோடியம் புரோமைட்டை இணையத்தில் வாங்கி மூன்று மாதங்கள் உட்கொண்டார். அயல்வீட்டார் தமக்கு நஞ்சு வைக்கிறார் என்ற பிரமையோடு வைத்தியசாலைக்கு வந்து மூன்று வாரங்கள் தங்கினார். வைத்தியர்கள் தாமும் அதே வகைக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது, இயந்திரம் புரோமைட்டைக் குறிப்பிட்டது. ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அது திருப்பிக் கேட்கவில்லை. மனித வைத்தியர் கேட்டிருப்பார் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனது பத்திரிகை வாழ்க்கையின் ஆரம்ப காலத்தில், 1990களின் நடுப்பகுதியில், நான் பணியாற்றிய பத்திரிகையின் வாரப் பதிப்பில் மருத்துவக் கேள்வி பதில் பகுதி ஒன்று இருந்தது. வாசகர் கடிதங்களைப் பிரித்து, படித்து, வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் எழுதித் தருவதை வாங்கி வருவது இளையவனான எனது வேலை. அந்த வைத்தியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சில கடிதங்களைப் படித்தவுடன் ஒதுக்கி வைத்துவிடுவார். அவற்றுக்குப் பத்திரிகையில் பதில் வராது. உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லவும் என்று ஒரே வரியைத் தபால் அட்டையில் எழுதி அன்றே அனுப்பச் சொல்வார். அந்த வாசகர்களில் சிலர் கோபத்தோடு மீண்டும் எழுதினார்கள். பக்கம் பக்கமாக எழுதிக் கேட்ட எமக்கு ஒரு வரிதானா என்று கேட்டார்கள். வாசகர் திருப்தியடையவில்லையே என்று ஆசிரியர் கவலைப்பட்டார். வைத்தியர் அசையவில்லை.

நீண்ட பதில் கிடைத்த வாசகர்கள் நன்றிக் கடிதம் எழுதினார்கள். தபால் அட்டை கிடைத்தவர்கள் ஏசினார்கள். இரண்டு வகையினரில் யாருக்கு அந்தப் பகுதி அதிகம் உதவியது என்று இன்று யோசித்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாசகர் விரும்புவதும் வாசகருக்குத் தேவையானதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைப் பத்திரிகைக்காரர்கள் நன்கு அறிவோம். விற்பனையை மட்டும் பார்த்து நடத்திய பத்திரிகைகள் என்ன ஆகின என்பதையும் கண்டிருக்கிறோம். இந்தச் செயலிகளின் விடயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஏனெனில் இவை பயிற்றப்படும் முறையிலேயே மனிதரின் விருப்பம் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, எது நல்லது என்று மனிதரிடம் கேட்டு, விரும்பப்பட்ட வகையிலேயே மேலும் பதிலளிக்குமாறு இயந்திரம் திருத்தப்படுகிறது. 2025 ஏப்ரல் மாத இறுதியில், சட்ஜிபிடியின் புதிய வடிவம் ஒன்று பயனாளரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஆமாம் போடுகிறது என்ற முறைப்பாடுகள் எழுந்ததால், அதைத் தயாரித்த ஓப்பன் ஏஐ நிறுவனமே அந்த வடிவத்தை மீளப் பெற்றுக்கொண்டது. நாம் திருப்தியடைய வேண்டும் என்பதற்காகவும் செய்யப்பட்ட ஒரு பொருள் நம்மைத் திருப்திப்படுத்துகிறது என்பது, அது சொன்னது சரி என்பதற்குச் சாட்சியாகாது. கடைக்காரரின் இன்சொல்லைத் தராசின் நேர்மைக்கு அத்தாட்சியாக எவரும் கொள்வதில்லை.

மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தவர்கள் 300 பேரைக் கொண்டு நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதையே சொல்கிறது. துல்லியம் குறைந்த இயந்திரப் பதில்களைக்கூட அவர்கள் வைத்தியரின் பதில்களுக்கு நிகராக நம்பினார்கள். திருப்தி என்பது பிழையான பதிலிலும் அதே அளவுக்குக் கிடைக்கிறது.

இத்தோடு நிறுத்திவிட்டால், இயந்திரத்தை ஏசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அக்காவின் வார்த்தைகள் அதற்கு இடம் தரவில்லை. ஆறுதலாகக் கதைத்தவர்கள் வேறு ஒருவரும் இல்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல. அந்தக் குற்றச்சாட்டு இயந்திரத்தை நோக்கியது அல்ல, எங்களை நோக்கியது.

பல நாடுகளில் ஆரம்ப மருத்துவச் சந்திப்பு ஒன்று எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று திரட்டிய ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. சுவீடனில் 22.5 நிமிடங்கள்; பங்களாதேசில் 48 செக்கன்கள். உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. எங்கள் வெளிநோயாளர் பிரிவுகளில் வரிசையில் நின்றவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வைத்தியரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் முன்னால் கிளினிக் கொப்பிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டை விட்டுச் சென்ற வைத்தியர்களின் இடத்தையும் எஞ்சியவர்களே நிரப்ப வேண்டியிருந்தது. பணம் கொடுத்து மாலையில் தனியார் வைத்தியசாலையில் சனல் செய்து பார்த்தாலும், இலக்கம் நாற்பதுக்கு மேல் போகும் விசேட நிபுணரிடம் கிடைப்பது சில நிமிடங்களே.

நேரம் ஒரு பக்கம் இருக்க, மொழி மறுபக்கம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் மொழி தொடர்பான ஏற்பாடுகளை விரிவாக்கியது. ஆயினும் அக்காவின் கிளினிக்கில் பேச்சு சிங்களத்தில், எழுத்து ஆங்கிலத்தில். வைத்தியர் நல்லவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. 'பபுவ ரிதெனவா' என்று நெஞ்சு நோவதைச் சொல்லுமளவுக்கு அக்காவுக்குச் சிங்களம் வரும். நோவு வேறு, பாரம் வேறு, அடைப்பு வேறு, எரிவு வேறு என்று பிரித்துச் சொல்ல வராது. நோயை இனங்காண்பது அந்தப் பிரிப்பில்தான் தங்கியிருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் ஒன்று கையில் கிடைத்தபோது அவர் அதனிடம் மனதைக் கொடுத்ததில் என்ன பிழை?

மருத்துவத்தை மக்களின் மொழியில் சொல்ல வேண்டும் என்பது எமக்குப் புதிய எண்ணமும் அல்ல. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1864இல் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலான நூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழில் ஆக்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் ஆங்கிலத்தில் ஆரம்பமானபோது, தமிழில் அறுவைச் சிகிச்சை நூல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பின்னர் அந்த வழி தொடரவில்லை. மிகப் பிற்காலத்தில் நந்தி என்ற பெயரில் எழுதிய பேராசிரியர் சிவஞானசுந்தரம், டொக்டர் எம்.கே. முருகானந்தன் போன்றவர்கள் சாதாரண வாசகருக்காகத் தமிழில் மருத்துவம் எழுதினார்கள். தனி மனிதர்களின் உழைப்பு அது. வைத்தியசாலைகளின் அன்றாட நடைமுறையாக அது மாறவில்லை.

இயந்திரத்தின் தமிழையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் தமிழகத்து எழுத்துகளிலிருந்து கற்ற தமிழ். எங்கள் பேச்சில் 'வருத்தம்' என்றால் நோய்; அங்கே அது மனத்துயரம். 'களைக்குது' என்றால் எங்களுக்கு மூச்சு வாங்குகிறது என்றும் பொருள். அங்கே 'களைப்பு' வெறும் சோர்வு. 'முட்டு' என்றால் எங்கள் கிழவிகளுக்கு ஆஸ்துமா. அக்கா குணமாகி வந்த பின்னர், அதே செயலியில் 'எனக்கு நெஞ்சில் வருத்தம்' என்று நானே எழுதிப் பார்த்தேன். மனம் விட்டுப் பேசுங்கள், நெருங்கியவர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று அது எனக்கு ஆறுதல் சொன்னது. அருமையான ஆறுதல். நோயாளியாக இருந்திருந்தால் திருப்தியோடு படுத்திருப்பேன். அக்கா எழுதிய 'சரியான களைப்பு' அதற்கு எப்படி விளங்கியிருக்கும் என்று நான் இனி விளக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட 'சாரா' என்ற சுகாதார உரையாடல் உதவியாளர் எட்டு மொழிகளில் பேசியது. அந்த எட்டில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

ஆகவே எனது நிலைப்பாடு இதுதான். இந்தச் செயலிகளை வீட்டிலிருந்து விரட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. வைத்தியர் சொன்னதை விளங்கிக்கொள்ள இவற்றைப் பயன்படுத்தலாம். அறிக்கையில் உள்ள சொல்லுக்குப் பொருள் கேட்கலாம். அடுத்த கிளினிக்கில் என்ன கேட்பது என்று ஆயத்தம் செய்யலாம். இவற்றில் அக்காவுக்குக் கிடைத்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். வைத்தியரிடம் போவதா விடுவதா என்ற ஒரு கேள்வியை மட்டும் இவற்றிடம் கேட்கக் கூடாது. நெஞ்சில் பாரம், மூச்சு வாங்குதல், முகமோ கையோ ஒரு பக்கமாக இழுத்தல், பேச்சுக் குளறல் ஆகியவை வந்தால் இயந்திரத்திடமும் வேண்டாம், பத்திரிகைக்காரத் தம்பியிடமும் வேண்டாம். 1990ஐ அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி இன்று நாடு முழுவதும் இயங்கும் சேவை அது. கட்டணம் எதுவும் இல்லை.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தொலைபேசி என்ன சொன்னது என்று நோயாளரிடம் கேளுங்கள், நகையாடாமல் கேளுங்கள். கேட்காவிட்டாலும் அவர் அதனிடம் ஏற்கெனவே பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார். சுகாதார அமைச்சுக்கும் ஒன்று. கிளினிக் கொப்பியோடு, நோயாளரின் மொழியில் அரைப் பக்க விளக்கத் தாள் ஒன்று கொடுப்பதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. கடதாசியும் மனமும் போதும். இயந்திரத்தைத்தான் பயன்படுத்துவதென்றால், எங்கள் ஊர்த் தமிழும் சிங்களமும் அறிந்த, எங்கள் வைத்தியர்கள் சோதித்துப் பார்த்த, பதில் சொல்வதற்கு முன்னர் கேள்வி கேட்கப் பழக்கப்பட்ட ஒன்றை உருவாக்கட்டும். அதன் வெற்றியை எத்தனை பேர் திருப்தியடைந்தார்கள் என்று எண்ணாமல், எத்தனை பேர் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணட்டும்.

எனது பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை அக்கா என்னிடம் வந்தது ஓர் அயலவனின் அரை மணித்தியாலத்தைக் கேட்டு. நான் அதைக் கொடுக்காமல் ஒரு செயலியைக் கொடுத்தேன். அதை எதற்குப் பாவிக்கலாம் என்று காட்டினேனே தவிர, எதற்குப் பாவிக்கக் கூடாது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

செயலியை அக்கா அழிக்க விடவில்லை. இப்போதும் மாலையில் அதனோடு பேசுகிறார். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் நான் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல, வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறேன். அவருடைய தொலைபேசியின் பின்புறத்தில் ஒரு சிறிய அட்டையையும் ஒட்டியிருக்கிறேன். '1990' என்ற இலக்கமும், நெஞ்சு, மூச்சு, பேச்சு, கை என்ற நான்கு சொற்களும் மட்டுமே அதில் இருக்கின்றன. அதை நான் இரண்டு வருடங்களுக்கு முன்னரே ஒட்டியிருக்க வேண்டும்.